கிருஷ்ணர் பாதத்துக்கு அடியில் ஒரு கால்

காலை பதினொன்று பதினேழு. அந்த நேரத்தை நான் மறந்தாலும் பயனில்லை, புகைப்படத்தின் மூலையில் பதிந்திருக்கிறது. கோவிலம்பாக்கத்தில் ஒரு வீட்டின் கூடத்தில் மண்டியிட்டு, தரையில் இருந்த காலடித் தடம் ஒன்றின் பக்கத்தில் அளவுகோலை வைத்தேன். வைத்த கை அங்கேயே நின்றுவிட்டது. அதற்கு முன்புவரை அது ஒரு சாதாரண நகைத் திருட்டு.

இந்த ஆண்டு தடயப் பிரிவில் சேர்ந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிறேன். அந்தத் தடத்துக்கும் ஓய்வுக்கும் சம்பந்தம் உண்டா என்று உங்களில் ஒருவர் போனில் கேட்டார். இல்லை. மூட்டு வலிதான் காரணம். இது குனிந்து செய்யும் வேலை.

மாதிரி எடுப்பது, உறையில் போடுவது, முத்திரை வைப்பது எல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சொல்லிக் கொடுக்காத ஒன்று இருக்கிறது. நீங்கள் போய்ச் சேரும்போது பெரும்பாலும் வீடு சுத்தமாக இருக்கும். போலீஸ் வருகிறது என்றால் நம் பக்கத்தில் முதல் வேலையாக வீட்டைப் பெருக்குவார்கள். நாலு பேர் வருகிற நேரத்தில் வீடு குப்பையாகக் கிடந்தால் என்ன நினைப்பார்கள் என்ற கவலை. பம்மலில் ஒரு அம்மா, திருடன் உடைத்த பூட்டை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்து, பளபளவென்று ஒரு தட்டில் வைத்து என்னிடம் நீட்டினார். கூடவே காபியும் இருந்தது. அந்தக் காபி நன்றாகவே இருந்தது.

அதனால் கோவிலம்பாக்கம் வீட்டில் கால் வைத்ததும் எனக்கு ஒரு சந்தோஷம். யாரும் பெருக்கியிருக்கவில்லை. பெருக்க முடியாது, அன்று கோகுலாஷ்டமி. கேட்டிலிருந்து கூடம் வழியாகப் பூஜை அறை வரை அரிசி மாவில் கிருஷ்ணர் பாதம் போட்டிருந்தார்கள். கை முஷ்டியை மாவில் தோய்த்துத் தரையில் பதித்து, விரல் நுனியால் ஐந்து புள்ளி வைத்தால் ஒரு குழந்தைப் பாதம். அப்படி வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தது.

இந்தப் பண்டிகை இல்லாத வீட்டில் வளர்ந்த புதுக் காவலர் ஒருவரை எங்களுக்கு முன்பே அங்கே நிறுத்தியிருந்தார்கள். அவர் கடமை தவறாதவர். ஒவ்வொரு பாதத்துக்கும் பக்கத்தில் ஒரு எண் அட்டை வைத்துக்கொண்டே வந்திருந்தார். அட்டை தீர்ந்துபோனதால் பாதி வழியில் நின்றுகொண்டிருந்தார்.

“மேடம், கேங்கா வந்திருக்காங்க. எல்லாம் சின்னப் பசங்க” என்றார்.

என் புகைப்படக்காரர் கேமராவை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். சிரிப்பதற்குத்தான்.

காணாமல் போனது ஒரு தங்க ஆரம். அந்தக் குடும்பம் அந்த ஊரின் பழைய குடும்பம். நெல் விளைந்த இடத்தில் இப்போது அவர்களுடைய வாடகை வீடுகள் நிற்கின்றன. தலைமுறை தலைமுறையாக வரும் ஆரத்தைச் சாயங்காலப் பூஜைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று வீட்டம்மா பீரோவைத் திறந்திருக்கிறார். பெட்டி இருந்தது, ஆரம் இல்லை. பூட்டு உடையவில்லை, சாவி வழக்கமான ஆணியில் தொங்கியது.

“இன்னா மேடம் இப்படி ஆயிப்போச்சி. நாளும் கிழமையுமா பாத்து வந்துகிறான் பாரு” என்று அழுதார் வீட்டம்மா.

“காலையிலேர்ந்து வீட்டுக்கு யார் யார் வந்தாங்க?”

“யாருமே வரல மேடம். நான் ஒருத்திதான் கீறேன். வூட்டுக்காரரு விடியகாலையே செங்கல்பட்டு போய்ட்டாரு, பத்திர ஆபீசுக்கு. போனையும் எடுக்கல.”

கூடத்திலிருந்து படுக்கையறைக்குத் திரும்பும் இடத்தில்தான் அந்தத் தடம் இருந்தது. யாரோ ஒரு ஆள், ஈரம் காயாத கிருஷ்ணர் பாதம் ஒன்றை மிதித்துவிட்டு, உள்ளங்காலில் ஒட்டிய மாவோடு உள்ளே நடந்திருக்கிறார். முதல் அடி அழுத்தமாக, அடுத்தடுத்தவை மங்கிக்கொண்டே படுக்கையறை வாசல் வரை. முதல் அடியின் குதிகால் பகுதிக்கு மேல் புதிதாக ஒரு குழந்தைப் பாதம் போடப்பட்டிருந்தது.

“அதுவா? யாரோ மிதிச்சி கலீஜ் பண்ணிட்டாங்க. அதான் மேலயே ஒண்ணு போட்டுட்டேன்” என்றார் வீட்டம்மா.

நான் அளவுகோலை வைத்தேன். விரல்களைப் பார்த்தேன். இரண்டாம் விரல் மூன்றாம் விரலின் மேல் ஏறிப் படுத்திருந்தது.

அந்தக் காலை எனக்குத் தெரியும். என் கணவர் வீட்டில் ஆண்கள் எல்லோருக்கும் அந்தக் கால்தான். பெண் பார்க்க வந்த அன்றே நான் கவனித்திருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தேன், ஆனால் பார்த்தது பஜ்ஜித் தட்டை. என் மகனுக்கும் அதே கால். பொத்தேரியில் அறை எடுத்துத் தங்கி இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். முந்தின நாள் போனில், “லீவுதாம்மா, ஆனா புராஜெக்ட் இருக்கு. ரூமைவிட்டு வெளியவே வர மாட்டேன்” என்று சொல்லியிருந்தான். அவன் அப்படிச் சொன்னதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

விரல் ஏறிய கால் ஊரில் எத்தனையோ பேருக்கு இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீதிமன்றத்தில் கூண்டில் நின்று பலமுறை சொன்ன வாக்கியம்தான் அது. என் மகன் கால்தானா என்று தீர்மானிக்க ஒரு வழி இருந்தது. சின்ன வயதில் கண்ணாடி குத்தித் தையல் போட்டதில் அவன் குதிகாலில் குறுக்காக ஒரு தழும்பு உண்டு. தையல் போடும்போது காலைப் பிடித்துக்கொண்டவள் நான். ஆனால் குதிகாலைப் பார்க்க முடியவில்லை. அதன் மேல் கிருஷ்ணர் நின்றுகொண்டிருந்தார்.

அப்போது வீட்டம்மா கேட்டார்: “அசிங்கமா கீதா மேடம்? தொடச்சிட்டு சுத்தமா வேற போட்றட்டா? துணி இதோ கைலயே கீது.”

ஈரத் துணி, கையில், தயாராக. நான் செய்ய வேண்டியதெல்லாம் ‘சரி’ என்று சொல்வது. அதுகூட வேண்டாம், சும்மா இருந்தால் போதும். அந்த அம்மாள் நல்ல எண்ணத்தில் ஒரு தடவை துடைத்திருப்பார். யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். எத்தனை வீட்டில் எத்தனை தடயம் அப்படித்தான் போயிருக்கிறது.

“தொடாதீங்க” என்றேன். எனக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது. வீட்டம்மா துணியைக் கீழே போட்டுவிட்டார். புதுக் காவலரும் எதற்கும் இருக்கட்டும் என்று கையிலிருந்ததைக் கீழே போட்டார். அது அவருடைய தொப்பி.

அளவுகோலைப் புகைப்படக்காரரிடம் நீட்டினேன். “இதை நான் அளக்க மாட்டேன். நீங்க அளங்க, நீங்களே எழுதுங்க.”

“ஏன் மேடம், கண்ணாடி கொண்டுவரலயா?”

“கண்ணாடி இருக்கு. அளங்க.”

பிறகு விசாரணைக்கு வந்திருந்த உதவி ஆய்வாளரிடம் போனேன். வழக்கில் தனக்கு வேண்டியவர் சம்பந்தப்பட்டிருக்கலாம் என்று தெரிந்த நிமிடமே சொல்லிவிட வேண்டும் என்பது விதி. உங்களுக்கும் இது வரும். வரும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய நாக்கோடு சொல்லுங்கள்.

“சார், அந்தக் கால் எனக்குத் தெரிஞ்சவங்க காலா இருக்கலாம்.”

“யாரு மேடம்?”

“என் பையன்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “மேடம், எனக்கும் அப்படித்தான். எந்தத் திருட்டுக்குப் போனாலும் இது என் மச்சான் வேலையா இருக்குமோன்னுதான் தோணும். வீட்ல சொன்னா சண்டை.”

“நான் நிஜமா சொல்றேன்.”

“நானும்தான் மேடம்.”

இப்படியாக நான் விதிப்படி தெரிவித்தேன், அவர் விதிப்படி நம்பவில்லை. புகைப்படக்காரரைச் சாட்சியாக வைத்து இன்னொரு முறை சொன்னேன். “மேடத்துக்கு சுகர் டவுன் ஆயிருக்கும், ஒரு சீடை குடுங்கம்மா” என்றார் உதவி ஆய்வாளர்.

வீட்டம்மாவிடம் திரும்பி வந்தேன். “இது ஆம்பள கால். உங்க வீட்டுக்காரர் காலா?”

“அவரு காலு மொறம் மாதிரி இருக்கும் மேடம். இது அவருது இல்ல.”

“அப்ப யாருது?”

யோசித்தார். “ஏசிக்காரருதா இருக்கும்.”

“ஏசிக்காரர் வந்தாரா? யாருமே வரலன்னீங்களே.”

“யாரும் வரல மேடம். ஏசிக்காரருதான் வந்தாரு.”

இதை நீங்கள் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம். யார் வந்தார்கள் என்று கேட்டால் உறவினர்களை மட்டும்தான் சொல்வார்கள். தண்ணீர் கேன் போடுகிறவர், பார்சல் கொண்டுவருகிறவர், ஏசி பழுது பார்க்கிறவர் எல்லாம் அவர்கள் கணக்கில் வீட்டுக்கு வந்தவர்கள் இல்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் நினைவில் அந்த ஆட்களுக்கு முகம் கிடையாது. சந்தேகப்படும்போது மட்டும் முகம் வந்துவிடும்.

உடனே வந்துவிட்டது. “ஆமா மேடம், சின்னப் பையன். பாக்க நல்லாத்தான் இருந்தான். அக்கா அக்கான்னு பேசினான். இப்ப நெனச்சா அதுவே ஒரு மாதிரியாதான் கீது” என்றார் வீட்டம்மா.

உதவி ஆய்வாளர் உற்சாகமாகிவிட்டார். ஏசி படுக்கையறையில், பீரோவும் படுக்கையறையில். மேடவாக்கத்தில் இருந்த கடைக்குப் போன் போட்டார். “பார்ட் டைம் பையனாம். நல்ல பையன்னு சொல்றான் ஓனர். எந்த ஓனர் கெட்ட பையன்னு சொல்லிருக்கான்? கீழ்க்கட்டளைல ஒரு வேலைல இருக்கானாம். ஆள் அனுப்பிட்டேன், தூக்கிட்டு வந்துருவாங்க.”

பையனின் பெயர் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்.

வெளியே வந்து மகனுக்குப் போன் செய்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கணவருக்குச் செய்தேன்.

“பையன் எங்க?”

“ரூம்ல படிச்சிட்டிருப்பான். ஏன்?”

“அவன் கால்ல விரல் எப்படி இருக்கும்?”

“இதென்ன கேள்வி? என் கால் மாதிரியே இருக்கும்.”

“அதுதான்” என்று வைத்துவிட்டேன். அவர் அன்று முழுவதும் தன் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகப் பிறகு சொன்னார்.

பயந்துபோன தாய்க்கு ஒரு சம்பவ இடத்தில் வேலை இல்லை. ஆனால் எனக்குப் பதிலாக நான் வரச் சொல்லியிருந்த மாற்று அதிகாரி தாம்பரத்திலிருந்து கிளம்பி வர நேரமாகும். நான் தொடாமல், அளக்காமல், தள்ளி நின்று பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. கிருஷ்ணர் மேலே இருக்கிறார், கால் கீழே இருக்கிறது. அதாவது அந்த ஆள் மிதித்த பிறகு, வீட்டம்மா அதே இடத்தில் உட்கார்ந்து புதுப் பாதம் போட்டிருக்கிறார். மாவு ஈரமாக இருக்கும்போதே மிதித்திருக்கிறான், அப்போது அவர் இங்கேதான் உட்கார்ந்து பாதம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவர் கண்ணெதிரேதான் அவன் உள்ளே போயிருக்கிறான். ஒளிந்து வந்தவன் இல்லை. அந்தத் துணியால் ஒரு தடவை துடைத்திருந்தால் இது போயிருக்கும். மிஞ்சியிருப்பது படுக்கையறையை நோக்கிப் போகும் மங்கலான சில அடிகள். ஒருவனைத் திருடன் என்று சொல்ல அது தாராளமாகப் போதும். அவனைக் காப்பாற்றுவதற்காக அழித்திருந்தால், காப்பாற்றக்கூடிய ஒன்றையே அழித்திருப்பேன்.

இதை உதவி ஆய்வாளரிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டார். நல்ல போலீஸ்காரர்.

“சரி மேடம். உள்ள போறத அந்தம்மா பாத்தாங்க. பீரோவத் தொறந்தத பாத்தாங்களா?”

கேள்வியை மாற்றிப் போட வேண்டும் என்று தோன்றியது. வீட்டம்மாவை உட்காரவைத்தேன்.

“யார் வந்தாங்கன்னு வேணாம். இன்னிக்கு கண்ணு முழிச்சதுலேர்ந்து இந்த வீட்ல என்னென்ன வேலை நடந்துச்சு, ஒண்ணு விடாம சொல்லுங்க.”

“இன்னா மேடம் சொல்றது, எப்பவும் செய்ற வேலதான். எழுந்தேன், வாசல் தெளிச்சேன். பால் காய்ச்சினேன். வூட்டுக்காரரு குளிச்சிட்டு சாமிக்கு அலங்காரம் பண்ணாரு. அது அவருதான் பண்ணுவாரு, பண்ணிட்டு தெர போட்டுடுவாரு. சாயங்காலம் வெளக்கேத்தும்போதுதான் தொறப்போம், அதுவரிக்கும் யாரும் பாக்கக் கூடாது. சாமிக்குக் கட்டற பட்டுத் துணிய பீரோலேர்ந்து எடுத்துக்கினாரு. காபி குடிச்சாரு, கெளம்பிட்டாரு. அப்பறம் நான் சீடைக்கு மாவு…”

“இருங்க. அந்தப் பட்டுத் துணி பீரோல எங்க இருந்துச்சு?”

“ஆரம் பொட்டிக்கு மேல.”

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. நாங்கள் எல்லோரும் பூஜை அறைப் பக்கம் திரும்பினோம். சிவப்புத் திரை. வந்ததிலிருந்து அதன் அருகே ஒருவரும் போகவில்லை. பீரோவுக்கு மேல், கட்டிலுக்கு அடியில், ஏசிக்குள்ளேகூடப் பார்த்தாயிற்று. அங்கே மட்டும் போகவில்லை. திருடன் சாமி அறைக்கு எதற்குப் போவான் என்று நினைத்தோமா, குளிக்காமல் எப்படிப் போவது என்று நினைத்தோமா, எனக்கே தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கும் இடத்தை நாம் தேடுவதில்லை. கேட்டிலிருந்து அத்தனை பாதமும் அந்தத் திரையைத்தான் காட்டிக்கொண்டிருந்தன. நாங்கள் அவற்றுக்கு எண் வைத்தோம், அவை போகிற இடத்துக்குப் போகவில்லை.

உதவி ஆய்வாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு முன்னே போனார்.

“குளிக்காம தெரயத் தொடக் கூடாது சார்” என்றார் வீட்டம்மா.

“காலைல குளிச்சேன்மா.”

“குளிச்சிட்டு ஸ்டேஷனுக்குப் போய்ட்டுதான வந்தீங்க?”

அவர் ஓரடி பின்னால் வந்தார். “நானே தொறக்கறேன். அடுப்பாண்ட நின்ன உடம்பு, ஒரு சொம்பு ஊத்திகினு வந்துர்றேன்” என்று வீட்டம்மா குளியலறைக்குப் போனார். ஒரு சொம்பு இல்லை. உதவி ஆய்வாளர், புகைப்படக்காரர், புதுக் காவலர், நான் எல்லோரும் கூடத்தில் நின்று, தண்ணீர் விழும் சத்தத்தை வழக்கின் முக்கியமான வாக்குமூலம்போலக் கேட்டுக்கொண்டிருந்தோம். என் மகனின் வாழ்க்கை அந்தக் குளியல் முடிவதில் இருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

ஈரத் தலையோடு வந்து திரையை விலக்கினார். கிருஷ்ணர் பட்டும் பூவுமாக இருந்தார். வீட்டம்மா மல்லிகைச் சரத்தை விரலால் தூக்கிப் பார்த்தார். கீழே ஆரம். கழுத்தில் இரண்டு சுற்று சுற்றி, பாதம் வரை இறங்கியிருந்தது.

“அடப் பாவி மனுஷா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா” என்றார் வீட்டம்மா. பிறகு சாமி முன்னால் திட்டிவிட்டோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு எங்களைப் பார்த்து, “சாமிக்குத் தனியா எடுத்து வெச்சிட்டேன், சீடை சாப்ட்டுதான் போவணும்” என்றார்.

உதவி ஆய்வாளர் மாற்று அதிகாரியை வர வேண்டாம் என்று சொன்னார். ஏசிக்காரப் பையனைக் கூட்டிவரப் போனவருக்கும் போன் செய்தார். “தெருமுனைக்கே வந்துட்டாங்களாம். சரி வரட்டும், அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிடலாம்” என்றார் என்னிடம்.

எங்கள் வண்டி ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். “மேடம், கிளம்பலாமா?”

கிளம்பியிருக்கலாம். திருட்டே இல்லை, அந்தக் கால் யாருடையதாக இருந்தால் என்ன. போய்விட்டால் அது ஊரில் யாரோ ஒருவரின் விரல் ஏறிய கால், என் மகன் பொத்தேரி அறையில் புராஜெக்ட் செய்துகொண்டிருப்பான். நான் ஏற்கெனவே மூடிய என் தடயப் பெட்டியைத் திறந்து, மறுபடி அடுக்க ஆரம்பித்தேன்.

வாசலில் பைக் நின்றது. யாரோ ஷூவைக் கழற்றும் சத்தம். முதலில் நான் காலைத்தான் பார்த்தேன், தொழில் பழக்கம். பிறகு பேண்ட், அதில் கறுப்பு எண்ணெய்க் கறை. தோளில் கருவிப் பை. பிறகு முகம்.

“இவருதான் மேடம் அந்த ஏசிக்காரரு” என்று அறிமுகப்படுத்தினார் வீட்டம்மா.

உதவி ஆய்வாளர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அவனைப் பார்த்தார். என் மூக்கு அவனுக்கு அப்படியே உண்டு. அவர் வாயில் போட்ட சீடையைக் கடிக்காமல் நின்றார்.

என் மகன் தரையில் இருந்த எண் அட்டைகளைப் பார்த்தான். என் கையுறைகளைப் பார்த்தான். கிருஷ்ணர் பாதங்களை மிதிக்காமல் சுவரோரமாகக் கால் வைத்து என் அருகே வந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்:

“அம்மா, எதுவா இருந்தாலும் வீட்ல போய்த் திட்டு. கஸ்டமர் முன்னாடி வேணாம்.”